ஒரு நாள் வாய்தா

பலவேசம் உறங்கத் தொடங்கி அன்றோடு இருபத்தேழு நாள். அவர் கணக்கில் ஆறு வருஷம் ஒன்பது மாதம்.

அந்த இருபத்தேழாம் நாள் காலையில்தான், அவரை உள்ளே அனுப்பிய முக்கிய சாட்சி வக்கீல் ஆவுடைநாயகியின் அலுவலகத்துக்கு வந்தாள். செருப்பை வாசலில் விட்டாள். நாற்காலியில் உட்காரவில்லை. கைபேசியை மேஜைமேல் வைத்து, ஆவுடையின் பக்கம் தள்ளினாள்.

"இதப் பாருங்க மேடம். பாத்துட்டுப் பெறவு பேசுங்க."

ஆவுடைக்கு ஆளை அடையாளம் தெரிந்துவிட்டது. பலவேசத்தின் மனைவி வடிவு. அரசுத் தரப்பு முதல் சாட்சி. ஆவுடையோ பலவேசத்துக்காக மேல்முறையீட்டில் வாதாட இலவசச் சட்ட உதவி நியமித்த வக்கீல். வழக்குக் கட்டு கைக்கு வந்து மூன்று நாள்தான் ஆகியிருந்தது. மறுநாள் விசாரணை.

"நீங்க எதிர்த்தரப்பு சாட்சிம்மா. என்கிட்ட நீங்க பேசுறதே முறையில்லை."

"அதான் பேசல. பாருங்கன்னு மட்டும் சொல்லுதேன்."

ஆவுடை சிரிப்பை அடக்கிக்கொண்டு பார்த்தாள். ஒரு கல்யாண வீடியோ. மாப்பிள்ளை அழைப்பு ஊர்வலம். மேளம், சீரியல் விளக்கு, ஆடும் பையன்கள். காமிரா ஒரு தெருமுனையில் திரும்பும்போது, ஓரமாக ஒரு ஆள் குனிந்து, ஆள் உயரச் சாவி ஒன்றைக் குழிக்குள் விட்டுச் சுற்றிக்கொண்டிருந்தார். சட்டை முதுகில் வியர்வை. அடுத்த நிமிடம் கல்யாண வீட்டு வாசல் குழாயில் தண்ணீர் பீய்ச்சி அடிக்க, பெண்கள் குலவையிட்டார்கள். மூலையில் நேரம் ஓடியது. மாலை ஆறு நாற்பத்திரண்டு.

ஆவுடை வீடியோவை நிறுத்தினாள். அவளுக்குள் ஏதோ நிமிர்ந்து உட்கார்ந்தது.

வழக்கு சின்னதுதான். மேலக்கல்லூரணியில் குடிதண்ணீர் திறந்துவிடுகிறவர் பலவேசம். வடிவின் தம்பி கொம்பையா குடிகாரன். மேல்நிலைத் தொட்டியின் உச்சியில் போய் உட்கார்ந்து குடிப்பது அவன் வழக்கம். சம்பவத்தன்று பலவேசம், "ஊரு குடிக்கிற தண்ணிக்கு மேல உக்காந்து குடிக்கான். இன்னைக்கு அவன் காலை ஒடிக்காம விடமாட்டேன்" என்று கத்திவிட்டு, வால்வு சாவியைத் தூக்கிக்கொண்டு வீட்டை விட்டுப் போனார். ஆறு நாற்பதுக்குக் கொம்பையா தொட்டியிலிருந்து விழுந்து செத்தான். வடிவு கோர்ட்டில் தான் கேட்டதை அப்படியே சொன்னாள். ஒரு வார்த்தை கூட்டவில்லை, குறைக்கவில்லை. பத்து வருஷம் கிடைத்தது.

அந்த நேரத்தில் தொட்டியிலிருந்து ஒரு மைல் தள்ளிக் கீழத்தெருவில் கல்யாண வீட்டுக்குத் தண்ணீர் திறந்துகொண்டிருந்ததாகப் பலவேசம் சொல்லத்தான் செய்தார். ஆனால் அன்று கீழத்தெருவுக்கு முறை இல்லை. முறை இல்லாத தண்ணீரை யாரும் நோட்டில் எழுதுவதில்லை. எழுதினால் திறந்தவருக்கு மெமோ, வாங்கியவருக்கு அபராதம். கல்யாண வீட்டுக்காரர், "எங்க வீட்டுக்கு லாரித் தண்ணிதான் வந்துச்சு" என்று கூண்டில் நின்று சத்தியம் செய்துவிட்டுப் போனார்.

"இது உங்களுக்கு எப்படிக் கெடச்சுது?"

"அந்தக் கல்யாண வீட்டுக்கு மத்தியானம் தம்பியும் போயிருந்தான். கடைசியா அவன் முகத்தை ஒரு தடவை பாப்போம்னு வீடியோக்காரன்ட்ட போயி கெஞ்சி வாங்குனேன். தம்பியக் காங்கல. இவுக முதுகுதான் தெரிஞ்சுது."

மின்விசிறி கட்டுகளின் ஓரத்தைப் படபடக்க வைத்துக்கொண்டிருந்தது.

"இது போதும்மா. விடுதலைதான்."

"விடுதலைன்னா அலசிருவாங்கள்லா?"

ஆவுடை நிமிர்ந்து பார்த்தாள். "சட்டம் அதுதான். குத்தமில்லாதவன் மண்டையில அரசாங்கம் தண்டனையை விட்டுவைக்கக் கூடாது. அந்த வருஷத்தை எல்லாம் நினைவுலேர்ந்து அலசி எடுத்துட்டுத்தான் எழுப்புவாங்க. அவருக்கு ஒருநாள் படுத்து எந்திரிச்ச மாதிரி இருக்கும்."

நினைவே இல்லாதவன் நஷ்டஈடு கேட்டு வரமாட்டான் என்பது அந்தச் சட்டத்தின் இன்னொரு சௌகரியம். அதை ஆவுடை சொல்லவில்லை.

"அப்ப சரி," என்றாள் வடிவு. "அன்னைக்குப் போன மனுசன் அப்படியே வரணும். ஒரு நூலு குறையாம."

குற்ற உணர்ச்சி என்று ஆவுடை நினைத்துக்கொண்டாள். தன் வார்த்தையால் போன வருஷங்கள் இல்லாமலே போகட்டும் என்று கேட்கிறாள். நியாயம்தானே.

*

உறக்கச் சிறை ஒரு பழைய நூற்பாலைக் கட்டடத்தில் இருந்தது. நீண்ட கூடம். வரிசையாகக் கட்டில்கள். நானூறு பேர் மூச்சு விடும் சத்தம் தூரத்துக் கடல் மாதிரி கேட்டது. நூல் ஓடிய இடத்தில் இப்போது காலம் ஓடிக்கொண்டிருந்தது. வெளியே ஒரு நாள், உள்ளே மூன்று மாதம். பத்து வருஷம் என்றால் நாற்பது நாள். சிறைகளில் இடமில்லாமல் போனபோது வந்த திட்டம். சம்பாதிக்கிற ஆள் ஒன்றரை மாதத்தில் வீடு திரும்பிவிடுகிறார், பிள்ளைகள் பள்ளிக்கூடம் நிற்காமல் போகிறார்கள் என்று எல்லாரும் பாராட்டினார்கள். உறங்குகிறவர்களை யாரும் கேட்கவில்லை.

பலவேசம் பதினேழாம் கட்டிலில் மல்லாந்து படுத்திருந்தார். நாற்பத்தெட்டு வயதுக்கு உறுதியான உடம்பு. முகத்தில் எந்தச் சலனமும் இல்லை.

"பக்கத்துக் கட்டில்ல ஒரு நிமிஷம் படுங்க மேடம்," என்றார் டாக்டர் ஜெசிந்தா. "உள்ளே ஒன்றரை மணி நேரம் கிடைக்கும். திரும்பி வந்ததும் எழுந்திரிச்சு ஓடாதீங்க. போன தடவை ஒரு வக்கீல் நேரா சுவத்துல போய் முட்டிக்கிட்டார்."

"எந்த வக்கீல்?"

"பேரு சொல்லமாட்டேன். ஆனா இன்னும் நெத்தியில தழும்பு இருக்கும், பாத்துக்கங்க."

நெற்றியில் குளிர்ந்த பட்டை ஒன்று விழுந்தது. ஆவுடை கண்ணை மூடினாள். மூடிய கண்ணுக்குள் வெயில் அடித்தது.

சாயங்கால வெயில். நாலு மணி இருக்கும். சுற்றிலும் சுவர், நடுவில் பெரிய மைதானம், வேப்பமரங்கள். மரங்களின் நிழல் ஒரே திசையில் சாய்ந்து அசையாமல் கிடந்தது. காற்று வீசியது, இலை உதிரவில்லை. தரையில் நடந்தால் கால் பதிந்தது. திரும்பிப் பார்த்தால் தடம் இல்லை. ஒரு மரத்தடியில் நாலு பேர் சீட்டாடிக்கொண்டிருந்தார்கள். அவர்களில் ஒருவர் சீட்டை எறியக் கையை ஓங்கினார். ஓங்கியபடியே மங்கி, வெயிலோடு வெயிலாகக் கலந்து காணாமல் போனார். மற்ற மூவரும் தலையைக்கூட நிமிர்த்தவில்லை. ஒருவர் விழுந்த சீட்டுகளை எடுத்துத் தன் கையில் சேர்த்துக்கொண்டார்.

"தண்டனை முடிஞ்சு போயிட்டாரு," என்றது பக்கத்தில் ஒரு குரல். "நல்ல மனுசன். என்ன, கள்ளாட்டம் ஆடுவாரு."

பலவேசம்தான். கட்டிலில் இருந்த அதே முகம். கண்கள் மட்டும் வேறு யாருடையதோ போல இருந்தன.

"நான் ஆவுடைநாயகி. உங்க வக்கீல்."

"வாங்க மேடம். ஆறேமுக்கா வருசத்துல எனக்கு வந்த மொத ஆளு நீங்கதான். நிழல்ல உக்காருங்க. இங்க வெயிலும் சுடாது, நிழலும் குளிராது. ஆனாலும் உக்காரணுமில்லா."

"எப்பவும் நாலு மணிதானா?"

"எப்பவுமே. ராத்திரியே கெடையாது. உறங்குதவனுக்கு எதுக்குய்யா ராத்திரின்னு விட்டுட்டானுக போல. வந்த புதுசுல பைத்தியம் பிடிச்சிட்டு. எது இன்னைக்கு, எது நேத்துன்னு தெரியல. அந்தா ஒரு குழாய் இருக்கு பாருங்க. அது பாட்டுக்கு ஓடிக்கிட்டே இருந்துச்சு. யாருக்கும் தாகமும் இல்ல, நிப்பாட்டவும் ஆளில்ல. நான் ஒரு கட்டையச் செதுக்கி அடச்சேன். மைதானத்த ஆயிரத்தி இருநூறு சுத்து நடந்துட்டுத் திறந்துவிட்டேன். கொஞ்ச நேரம் ஓடவிட்டு மறுபடி அடச்சேன். தண்ணி வந்தா ஒரு நாளு. நாலாவது தண்ணிக்குள்ள எல்லாவனும் வந்து வரிசையில நிக்கான். குடிக்கவா? குடிக்க இல்ல. நாள் வேணும்லா."

அவர் அதைச் சாதாரணமாகத்தான் சொன்னார். ஆவுடைக்கு ஒரு கணம் வந்த வேலையே மறந்துபோனது.

பிறகு வீடியோவைப் பற்றிச் சொன்னாள். கல்யாண வீட்டுக் குலவை, ஆறு நாற்பத்திரண்டு, முதுகு வியர்வை. பலவேசம் தரையைப் பார்த்தபடி கேட்டார். முகம் மலரவில்லை.

"யாரு கொண்டாந்தது?"

"உங்க வீட்டுக்காரங்க."

அவர் ஒரு குச்சியால் தரையில் கோடு இழுத்தார், அது நிற்கவில்லை. பிறகு, "மேடம், கோர்ட்ல இன்னொரு வழி உண்டாமே. இங்க சொல்லிக்கிடுவாங்க. குத்தமே செய்யலன்னு ஒரு மனு, தண்டனை சாஸ்தின்னு ஒரு மனு."

"ரெண்டும் ஒரே மேல்முறையீடுதான். குத்தத்தைப் பத்திப் பேசலை, தண்டனையை மட்டும் கொறைங்கன்னு கேட்டா, இதுவரைக்கும் அனுபவிச்சதே போதும்னு அனுப்பிடுவாங்க. அஞ்சு நிமிஷ வேலை. நேத்து வரைக்கும் உங்களுக்கு அதைத்தான் செய்றதா இருந்தேன்."

"அதையே செய்ங்க."

"என்ன பேசுறீங்க? அப்படிச் செஞ்சா கொலைகாரன்கிற பேரு நிக்கும். வேலை போகும். கையில விடுதலை இருக்கு."

"விடுதலைன்னா அலசுவாங்க. தண்டனைய மட்டும் கொறச்சு விட்டா அலசமாட்டாங்க. சரிதான?"

"சரிதான். ஆனா எதுக்கு..."

"மேடம், தீர்ப்பு சொல்லி என்னைக் கூட்டிட்டுப் போகும்போது அவ வராந்தாவுல நின்னா. பக்கத்துல போகும்போது நான் மெதுவா ஒண்ணு சொன்னேன். போலீசுக்குக்கூடக் கேக்கல. 'நாப்பது நாள்தான். எண்ணிக்கிட்டு இரு'ன்னேன்." பலவேசம் உள்ளங்கையைத் தொடையில் தேய்த்துக்கொண்டார். "சும்மா சொல்லல. எப்படிச் செய்யணும், எங்க வெச்சுச் செய்யணும்னு இங்க வந்து நாலு வருசம் யோசிச்சேன். இந்த மைதானத்தச் சுத்துன ஒவ்வொரு சுத்தும் அதுக்குத்தான் சுத்துனேன். அஞ்சாம் வருசம் ஒரு தண்ணி அன்னைக்குக் கட்டையப் பிடுங்கும்போது பாத்தா, கோவத்தக் காணும். நானா விட்டதுன்னு சொல்லமுடியாது. தேடிப் பாத்தேன். இல்ல. அவ உள்ளதத்தான சொல்லியிருக்கான்னு அன்னைக்குத்தான் தோணுச்சு."

"நல்லதுதானே?"

"நீங்க அலசிட்டீங்கன்னா அந்த வருசம் போயிரும். எந்திரிக்கப் போறவன் நான் இல்ல, அன்னைக்கு வராந்தாவுல போனவன். அவன் மனசுல என்ன இருந்துச்சுன்னு உங்களுக்குத் தெரியாது, ஜட்ஜுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். குத்தம் செய்யாதவன்னு எழுதிக்கொடுத்து, அவள்ட்ட அனுப்பி வெப்பீங்க. அவன் போயிக் குத்தத்தச் செய்வான்."

வேப்ப இலைகள் அசைந்தன. சத்தம் இல்லை.

ஆவுடை இருபத்திரண்டு வருஷமாகக் குற்ற வழக்குகள் பார்க்கிறாள். அஞ்சு நிமிஷ வேலையால் எத்தனையோ பேரை வெளியே கொண்டுவந்திருக்கிறாள். அவர்களில் சிலர் நிரபராதி என்று அவளுக்குத் தெரியும். ஒவ்வொரு முறையும் வீடு திரும்பிச் சாப்பிடாமல் படுத்துவிடுவாள். இந்த முறை கையில் வீடியோ இருக்கிறது. இவருக்கும் கொலைகாரன் என்ற பேரை வைத்து அனுப்ப அவளால் முடியாது.

"மூணாவதா ஒரு வழி இருக்கு," என்றாள் மெதுவாக. "நாப்பது நாளும் முழுசா முடிஞ்சு நீங்களா எந்திரிச்சுட்டா, அதுக்கப்புறம் அலச முடியாது. பச்சைச் செங்கல் தண்ணியில கரையும், சுட்டது கரையாது. அந்த மாதிரின்னு டாக்டர் சொன்னாங்க. நீங்க எந்திரிச்ச மறுநாள் தீர்ப்பு வந்தா, பேரும் போகாது, நினைவும் போகாது. நான் வாய்தா வாங்கணும். பன்னெண்டு பதிமூணு நாள்."

பலவேசம் விரல் மடக்கிக் கணக்குப் போட்டார். "அப்ப இன்னும் மூணேகால் வருசம்."

"ஆமா. நீங்க வேண்டாம்னா..."

"ஆறேமுக்கா இருந்தாச்சு. மூணு என்ன, கண்ண மூடித் திறக்கதுக்குள்ள போயிரும்." சொல்லிவிட்டு அவரே சிரித்தார். "மூடித்தான இருக்கு."

எழும்போது ஒன்று கேட்டார். "நான் சொன்னத அவகிட்ட சொல்லுவீங்களா?"

"கட்சிக்காரர் சொன்னதை நான் யார்கிட்டயும் சொல்லக்கூடாது."

"சொல்லாண்டாம்," என்றார். "பயந்துக்கிடுவா."

கண் விழித்தபோது சுவர்க் கடிகாரத்தில் ஒரு நிமிஷம்தான் நகர்ந்திருந்தது. ஆவுடை எழுந்தாள். இரண்டடி நடந்து, சுவரில் முட்டாமல் நின்றாள். டாக்டர் ஜெசிந்தா தண்ணீர் நீட்டினார்.

*

மறுநாள் மேல்முறையீட்டு அமர்வில், வழக்கு எண் கூப்பிட்டதும் ஆவுடை எழுந்து, வீடியோவைக் கூடுதல் சாட்சியமாகத் தாக்கல் செய்தாள். இரண்டு நீதிபதிகளும் அதைப் பார்த்தார்கள். மூத்த நீதிபதி மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். அவர் முகத்தில் தீர்ப்பு எழுதியிருந்தது.

"அரசுத் தரப்பில் ஆட்சேபணை உண்டா?"

அரசு வக்கீல் எழுவதற்குள் ஆவுடை பேசினாள். "மை லார்ட், இந்த வீடியோ உண்மைதானா என்று தடய ஆய்வகத்துக்கு அனுப்பிச் சோதிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்."

கூடத்தில் ஒரு முணுமுணுப்பு ஓடியது. தன் சாட்சியத்தைத் தானே சோதிக்கச் சொல்லும் வக்கீலை அங்கே யாரும் பார்த்ததில்லை. அரசு வக்கீல் வாயெல்லாம் பல்லாக, "எங்களுக்கும் அதே வேண்டுகோள்தான்," என்றார். அவருக்கு உட்காரவே மனமில்லை.

ஐந்து நாள். ஒன்றேகால் வருஷம்.

ஆய்வகம் வீடியோ அசல்தான் என்றது. ஆவுடை, எடுத்தவரை நேரில் விசாரிக்க வேண்டும் என்றாள். எடுத்தவர் ஒரு எஸ்டேட் கல்யாணத்துக்காக மலையேறிப் போயிருந்தார். அங்கே சிக்னல் இல்லை. மூன்று நாள். பிறகு சனி, ஞாயிறு. திங்கட்கிழமை ஆவுடை தொண்டை கட்டிக்கொண்டதாக ஒரு சீட்டுக் கொடுத்துவிட்டு, பின் வரிசையில் மஃப்ளரோடு உட்கார்ந்திருந்தாள். வெயில் நூற்றி நாலு.

கடைசியாக மூத்த நீதிபதியே கேட்டுவிட்டார். "அம்மா, இந்த அமர்வில் வாய்தா கேட்டு அரசு வக்கீல் வருவார், புரிகிறது. நீங்கள் ஏன் கேட்கிறீர்கள்? ஒரு நாள் வாய்தா என்றால் உள்ளே இருப்பவருக்கு மூன்று மாதம். தெரியும்தானே?"

"தெரியும், மை லார்ட்."

"உங்கள் கட்சிக்காரருக்கு?"

"அவருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்."

நீதிபதி அவளை நீண்ட நேரம் பார்த்தார். ஜன்னல் வழியே விழுந்த வெயிலில் தூசி மிதந்துகொண்டிருந்தது. உள்ளே இருக்கிற அந்த நாலு மணி வெயில் இங்கேயும் வந்துவிட்டது போல ஆவுடைக்குத் தோன்றியது. கூடம் முழுக்க, நீதிபதிகள், சேவகர்கள், கட்டுகளைச் சுமந்துபோகும் குமாஸ்தாக்கள் எல்லாருமே எங்கோ படுத்துக்கொண்டு ஒருவரை ஒருவர் கனவு காண்பது போலவும் இருந்தது.

"இன்னும் ஒரு நாள்," என்றார் நீதிபதி. "அதற்கு மேல் கிடையாது."

அந்த ஒரு நாளில்தான் நாற்பதாம் நாள் முடிந்தது.

ஒவ்வொரு நாளும் வடிவு பின் பெஞ்சில் வந்து உட்கார்ந்திருந்தாள். ஒருமுறைகூட ஏன் என்று கேட்கவில்லை. வாய்தா என்று சொன்னதும் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு பஸ்ஸுக்குப் போவாள். அவள் கேட்காமல் இருப்பதே நல்லது என்று ஆவுடையும் அவள் கண்ணைப் பார்க்காமல் இருந்தாள்.

நாற்பத்தோராம் நாள் காலை பத்தே முக்காலுக்குத் தீர்ப்பு வாசித்தார்கள். குற்றம் நிரூபிக்கப்படவில்லை. கொம்பையா குடிபோதையில் தவறி விழுந்திருக்கவே அதிக வாய்ப்பு. தண்டனையும் தீர்ப்பும் ரத்து. பணியில் மீண்டும் சேர்க்க வேண்டும். கடைசி வரியில் நீதிபதி ஒன்று சேர்த்திருந்தார்: மேல்முறையீட்டாளர் ஏற்கெனவே கண் விழித்துவிட்டதால் நினைவு நீக்கத்துக்கு இடமில்லை, இந்த நீதிமன்றம் அதற்காக வருந்துகிறது.

ஆவுடை அந்த வரியைக் கேட்டு மனசுக்குள் சிரித்துக்கொண்டாள். எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு ஒரு வழக்கு முடிந்து அவளுக்குப் பசித்தது.

*

மத்தியானம் உறக்கச் சிறை வாசலில் இருவரும் நின்றார்கள். வடிவு மஞ்சள் பையில் வேஷ்டியும் சட்டையும் கொண்டுவந்திருந்தாள். சட்டையை இஸ்திரி போட்டிருந்தாள். கதவிலிருந்து பத்தடி தள்ளி, ஒரு பூவரச மரத்தடியில் நின்றுகொண்டாள். கிட்டே போகவில்லை.

பலவேசம் வந்தார். நாற்பது நாளில் உடம்பு கொஞ்சம் இளைத்திருந்தது. நடை மட்டும் பத்து வருஷம் நடந்தவர் நடை. வெளியே வந்ததும் நின்று, தரையில் தன் நிழல் நகர்கிறதா என்று பார்த்தார். ஒரு லாரி ஹாரன் அடித்ததும் திடுக்கிட்டார். பிறகு ஆவுடையைக் கண்டுகொண்டு நேராக அவளிடம் வந்தார்.

"சொன்னபடி செஞ்சுட்டீங்க மேடம். நல்லா இருப்பீங்க."

"முழு விடுதலை. பேரு, வேலை எல்லாம் பத்திரம்."

"சந்தோசம்." அவர் சாலையின் இரண்டு பக்கமும் பார்த்தார். பூவரச மரத்தடியையும் பார்த்தார். பார்வை அங்கே நிற்காமல் திரும்பி வந்தது. குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்:

"என் வீட்டுக்காரி வரலியா மேடம்?"

ஆவுடை பூவரச மரத்தடிப் பக்கம் திரும்பினாள். வடிவு எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். மஞ்சள் பையை மறுகைக்கு மாற்றிக்கொண்டு, மெதுவாக முன்னால் வந்தாள்.

"நான்தான்," என்றாள்.

பலவேசம் அவளைப் பார்த்தார். நன்றாகப் பார்த்தார். மரியாதையோடு, கொஞ்சம் வெட்கத்தோடு பார்த்தார்.

"மன்னிச்சுக்கிடுங்க. உள்ள ஒரு போட்டோகூடக் கொண்டுபோக விடமாட்டாங்க. ரொம்ப நாளு முகத்த வெச்சிருந்தேன். இப்ப ரெண்டு வருசம் இருக்கும், ஒருநாளு தேடுனேன். கெடைக்கல." பிறகு அவசரமாகச் சேர்த்துக்கொண்டார்: "உங்க மேல எனக்கு ஒரு வருத்தமும் இல்ல. நீங்க உள்ளதத்தான் சொன்னீங்க."

ரெண்டு வருஷம். ஆவுடை மனசுக்குள் கணக்குப் போட்டாள். போட வேண்டாம் என்று நினைத்தபோதே விடை வந்துவிட்டது. வெளியே எட்டு நாள்: தான் வாய்தா வாங்கத் தொடங்கிய பிறகு.

காவலர் கையெழுத்துக்குக் கூப்பிட, பலவேசம் உள்ளே போனார். வாசலில் பெண்கள் இருவர் மட்டும் நின்றார்கள்.

"இருபத்தாறு வருசத்துல அவுக என்னய நீங்கன்னு சொன்னதே இல்ல," என்றாள் வடிவு. "கல்யாணத்தன்னைக்கே 'ஏட்டி'ன்னுதான் கூப்பிட்டாவ. எங்க அப்பாவுக்கு முகம் போன போக்கப் பாக்கணுமே."

"வடிவும்மா, உங்ககிட்ட நான் ஒண்ணு சொல்லலை. சொல்லக் கூடாது. இப்ப..."

"தெரியும் மேடம். நீங்களா வாய்தா கேக்கும்போதே தெரிஞ்சுக்கிட்டேன். நாப்பது நாளு, எண்ணிக்கிட்டு இருன்னாவ. எண்ணத்தான் செஞ்சேன். அவுக என்னயக் கொன்னுருவாவன்னு ரெண்டு பேரும் பயந்துட்டீங்க."

"அவரே அப்படித்தான் சொன்னார். நாலு வருஷம் யோசிச்சேன்னார்."

"யோசிப்பாவ. நல்லா யோசிப்பாவ." வடிவு ஒரு நிமிஷம் சிரித்தது போலத் தெரிந்தது. "வீட்டுல கோழி அறுக்கணும்னா பக்கத்து வீட்டு ஆளக் கூப்பிடுத மனுசன் மேடம். கோவம் வந்தா பத்து நாளு பேசமாட்டாவ. சோத்துத் தட்டத் தள்ளிவிடுவாவ. தொட்டியடியில போயிப் படுத்துக்கிடுவாவ. பதினோராம் நாளு வந்து, 'ஏட்டி, என் நீலச் சட்டை எங்க'ன்னு கேப்பாவ. அதோட சரி. இந்தத் தடவை பத்து நாளு இல்ல, ஒரு வருசம் ஆயிருக்கும். ரெண்டு வருசம்கூட ஆகட்டுமே. நான் எங்க போகப்போறேன்? அந்தக் கோவம் எனக்குச் சேர வேண்டியது. அதுக்குத்தான் அப்படியே வேணும்னு கேட்டேன்."

ஆவுடை கையிலிருந்த வழக்குக் கட்டை அக்குளுக்கு மாற்றிக்கொண்டாள்.

"உங்க ரெண்டு பேருக்கும் நல்ல மனசு," என்றாள் வடிவு. "என் உசுரக் காப்பாத்துனீங்க. என்னய ஒரு வார்த்தை கேக்கல, அவ்வளவுதான்."

பலவேசம் திரும்பி வந்தார். மேலக்கல்லூரணி பஸ் எதிர்ப்பக்கம் வந்து நின்றது. ஆவுடையும் அவர்களோடு சாலையைக் கடந்தாள். வடிவு முதலில் ஏறி, இருவர் இருக்கை ஒன்றில் உட்கார்ந்தாள். பலவேசம் இருக்கை அருகே கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். பஸ் பாதி காலியாகத்தான் இருந்தது. முன்னால் ஆண்கள் பக்கம் பார்த்தார், பின்னால் பார்த்தார். எங்கே உட்காருவது என்று அவருக்குத் தெரியவில்லை.

"இங்க உக்காரலாங்களா?" என்று கேட்டார்.

ஜன்னலுக்கு வெளியே நின்ற ஆவுடைக்கு அது தெளிவாகக் கேட்டது. வடிவு மஞ்சள் பையை மடிமேல் எடுத்து வைத்துக்கொண்டாள். முந்தானையை ஒதுக்கி, ஜன்னல் பக்கமாக நகர்ந்தாள். அவர் சங்கோசத்தோடு, இடையில் ஒரு சாண் விட்டு உட்கார்ந்தார்.

கண்டக்டர் விசில் கொடுத்தார். பஸ் அசைந்தது.

"எம் பேரு சண்முகவடிவு," என்றாள் அவள். "ஊரு வாரதுக்கு ஒன்றரை மணி நேரம் ஆகும். கேளுங்க, என்ன வேணும்னாலும் கேளுங்க."